மேல் வட்டத்தில் ஒரு முகம்

கடையில் நாங்கள் எல்லோரும் அதைச் சிலேட்டு என்றுதான் சொன்னோம். கறுப்பாக, பரீட்சை அட்டை அளவுக்கு இருக்கும். கூடவே மை இல்லாத ஒரு பேனா. அட்டையின்மேல் பேனாவை நகர்த்தினால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழும். எங்கள் முதலாளி அண்ணன் புது மெஷின்களைப் பார்க்கச் சென்னைக்குப் போனவர், யாரோ அதில் வரைந்து காட்டியதில் மயங்கி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாள் தானே முயன்று பார்த்தார். கோடு அவர் நினைத்த இடத்தில் விழவில்லை. மவுஸ் இருக்கும்போது இது என்னத்துக்கு என்று சொல்லி, அதன்மேல் டீ கிளாஸை வைக்க ஆரம்பித்தார்.

ஃபிளக்ஸ் பேனர் மதுரைக்கு வந்த புதுசு அது. சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கடை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கடை திறப்பு என்று எதுவானாலும் பேனரைக் கம்ப்யூட்டரில் அமைத்து, பிரிண்ட் போடும் இடத்துக்கு அனுப்புவோம். அண்ணன் சௌராஷ்டிரக்காரர். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் கொஞ்சிப் பேசுவார். எங்களைத் திட்டுவதற்கு மட்டும் மதுரைத் தமிழ்.

நான் பேரையூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வேலை செய்து வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான்தான். படிப்பில் நடுத்தரம். ஆனால் வகுப்பில் பாதிப்பேருடைய சயின்ஸ் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டவன் நான். தவளையின் இதயமும் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டும் என் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கையை நம்பித்தான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து மதுரைக்கு வந்தேன். வந்து பார்த்தால் வரைவதற்கு வேலையே இல்லை. தலையை வெட்டு, ஒட்டு, பின்னால் ஒரு பனிமலையை வை, முகத்தை வெளுப்பாக்கு. அவ்வளவுதான். ஒரு வருஷம் ஆனபோது, என் கைக்கு வரையத் தெரியும் என்பதே எனக்கு மறந்துவிடும்போல் இருந்தது. டீ கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சிலேட்டைத் துடைத்தேன்.

முதலில் கை எனக்கு அடங்கவே இல்லை. காகிதத்தில் வரையும்போது கண் கையைப் பார்த்துக்கொண்டே போகும். இதில் கை மேசைமேல், கோடு எதிரே திரையில். பழக்கத்தில் குனிந்து கையைப் பார்த்தால் கோடு எங்கோ போய்விடும். ஒருநாள் துண்டை எடுத்து வலது கையையும் சிலேட்டையும் சேர்த்து மூடிவிட்டேன். கை தெரியாவிட்டால் கண் திரைக்குத்தானே போக வேண்டும்? மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டு வாளியைத் திறக்கும் நேரமெல்லாம் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு வட்டம் போட்டேன், சுழி போட்டேன், புருவம் போட்டேன். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகும். அந்த அழுத்தம் விரலுக்குப் பிடிபட்டபோது துண்டை எடுத்துவிட்டேன்.

ஆனாலும் அதை வைத்துச் செய்ய ஒரு வேலை வரவில்லை. வந்தது ஒரு கல்யாண மாப்பிள்ளை வழியாக.

அவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்த்தார். எங்கள் பேரையூர்ப் பக்கத்து ஊர்க்காரர்தான். ஈரச் சாக்கும் மல்லிகையும் கலந்த வாசனையோடு படியேறி வருவார். பேனருக்கான போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தன் போட்டோவைக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முன்பல் கொஞ்சம் எடுப்பாகத் தெரிகிறது, அதை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்றார். அது நாங்கள் தினமும் செய்கிற வேலைதான். சரி என்றேன்.

எங்கள் பேனர்களில் இறந்தவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. மேலே ஓரத்தில் ஒரு வட்டம், சுற்றிலும் வெளிச்சம், அடியில் குத்துவிளக்கு. உயிரோடு இருக்கும் உறவெல்லாம் கீழே வரிசையாக நிற்கும். மேல் வட்டத்தில் யார் என்று கேட்டேன். அம்மா என்றார். போட்டோ கேட்டேன்.

"அதான் இல்ல. ஒண்ணுகூட இல்ல. நான் தவழ்ற வயசுல போயிட்டாக. எனக்கு மொகமே தெரியாது."

அம்மா இறந்தபின் அவருடைய அப்பா, அம்மாவின் கூடப்பிறந்த தங்கையைக் கட்டிக்கொண்டார். அந்தச் சின்னம்மாதான் இவரை வளர்த்தது. அப்பாவிடம் அம்மா எப்படி இருப்பார் என்று கேட்டால் லட்சணமா இருப்பா என்பாராம். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் வராதாம்.

அண்ணன் எழுந்து வந்து, வட்டத்துக்குள் ஒரு விளக்குச் சுடரை வைத்து 'அம்மா' என்று எழுதிவிடலாம், நிறையப் பேருக்கு அப்படிச் செய்திருக்கிறோம் என்றார்.

"விளக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே விளக்குத்தாண்ணே" என்றார் மாப்பிள்ளை. "எனக்கு மொகம் வேணும்."

நான் வரைந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், பிறகு பேசிக்கொள்கிறேன் என்று இருந்தது. அக்கா தங்கை என்றால் சாடை இருக்கும், சின்னம்மா போட்டோவைக் கொண்டுவரச் சொல்லுப்பா, அதையே கொஞ்சம் மாற்றிவிடு, கல்யாணம் நெருங்குகிறது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாப்பிள்ளை சின்னம்மாவின் வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தார். அதிலிருந்து முகத்தை எடுத்து, மூக்கைக் கூராக்கி, கன்னத்தை ஒட்ட வைத்து, வயதைக் குறைத்து, பெரிய பொட்டு வைத்து, மாலை போட்டு மேல் வட்டத்தில் உட்கார வைத்தேன்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையோடு சின்னம்மாவே வந்துவிட்டார். கையில் மஞ்சப்பை, காலில் செருப்பில்லை. கடை வாசலில்தான் கழற்றினாரா, ஊரிலிருந்தே அப்படித்தானா தெரியவில்லை. திரையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு தம்பி இது?"

"உங்க அக்காம்மா."

"இது நாந்தான" என்றார். சத்தம் போடவில்லை. "நான் இன்னும் இருக்கேன்யா. அதுக்குள்ள மாலையப் போட்டு விளக்குக்கு மேல ஒக்கார வச்சிட்டீகளே."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. மூக்கையும் கன்னத்தையும் எம்புட்டுத் திருத்தினாலும் அது உயிரோடு இருக்கிற ஒருத்தியின் முகம். அதற்கு மாலை போட்டு அவருக்கே காட்டியிருக்கிறேன். அண்ணன் ஓடிவந்து அந்த ஃபைலை அழிக்கச் சொன்னார். அழித்த பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. சாமி படத்துக்கு வைத்திருந்த சூடத்தை எடுத்துக் கம்ப்யூட்டரையும் என்னையும் சேர்த்துச் சுற்றினார்.

மாப்பிள்ளை தலை குனிந்து நின்றார். விளக்கையே வைத்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் சின்னம்மா முக்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அவ வீட்டுல நான் இருந்தேன். அவ புருசனுக்குச் சோறு பொங்கினேன். அவ பிள்ளைய நான் வளத்தேன். அவ மொகத்துலயும் நானே போயி ஒக்காரவா? அவளப் போடுறதுன்னா அவளப் போடுங்க. நான் சொல்றேன்."

வெள்ளைத் திரையைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

சொல்கிறேன் என்றாரே தவிர அவரால் சொல்ல முடியவில்லை. மூக்கு எப்படி என்றால், மூக்கு மாதிரிதான் இருக்கும் என்றார். கண் பெரிசா சிறிசா என்றால், அளவாக இருக்கும் என்றார். ஒரு மணி நேரம் போனதும் எனக்கு ஒன்று புரிந்தது. அக்கா எப்படி இருந்தார் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. எப்படி இல்லை என்பது நன்றாகத் தெரியும். அதனால் கேட்பதை நிறுத்தினேன். நானாகவே ஒரு மூக்கைப் போட்டேன்.

"இல்ல" என்றார் உடனே. "இது எங்க அத்த மூக்கு."

அழித்து இன்னொன்று. அதுவும் இல்லை. இன்னொன்று. "இது கிட்ட வருது. நுனிய மட்டும் எறக்குங்க." இறக்கினேன். தலையை ஆட்டினார்.

காகிதமாக இருந்திருந்தால் அந்த மூக்கு இருந்த இடம் அழித்து அழித்து ஓட்டையாகியிருக்கும். இதில் கண்ணாடித்தாளின் மேல் கண்ணாடித்தாள் வைத்தது போல, நெற்றி ஒரு தாளில், கண் ஒரு தாளில், மூக்கு ஒரு தாளில். பிடிக்காததை மட்டும் உருவிவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தள்ளிவிட்ட மூக்கைக்கூடத் திரும்பக் கூப்பிடலாம். கொஞ்ச நேரத்தில் அது அவருக்கும் பிடிபட்டுவிட்டது. "அந்த மூணாவது புருவத்த எடுங்க, அதுதான் சரி" என்று திரையில் விரலை வைத்துச் சொன்னார். திரை முழுக்க விரல் தடம். அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், துடைக்கச் சொல்லவில்லை.

சின்னம்மா சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய், மறுநாள் காலைப் பஸ்ஸில் மறுபடி வந்தார். நெற்றி நின்றுவிட்டது. கண் நின்றுவிட்டது. காதோரம் சுருண்ட முடிகூட வந்துவிட்டது. ஆனாலும் ஆள் வரவில்லை. ஒரு நல்ல பெண்ணின் முகம் திரையில் இருந்தது. அது யாராகவும் இருக்கலாம்.

"போதும் தம்பி. இதுவே நல்லாருக்கு" என்றார் சின்னம்மா.

அண்ணனும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் பிரிண்டிங்குக்குப் போகாவிட்டால் பேனர் கல்யாணத்துக்கு வந்து சேராது. மாப்பிள்ளையும் நன்றியோடு தலையாட்டிவிட்டு டீ வாங்கப் போனார். அவர் கண்ணில் தெரிந்தது நன்றிதான், வேறொன்றும் இல்லை. அந்த முகத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் ஏற்பட்டிருக்கவில்லை. தெரியாத ஒருத்தியை அம்மா என்று ஒப்புக்கொண்டு மேடையில் நிற்கப்போகிறார். அதை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம்வரை நேரம் கொடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது என்றார்.

முதல்நாளிலிருந்து நடந்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மூக்குக்கு அத்தனை முறை இல்லை என்றவர், புருவத்துக்குச் சண்டை போட்டவர், வாய்க்கு மட்டும் ஒரே தடவையில் சரி என்றிருந்தார். உதட்டை மூடியே வைங்க என்று சொன்னதோடு சரி.

"அம்மா, வாயி இப்படித்தான் இருக்குமா?" என்றேன்.

"மூடுன வாயி எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான இருக்கும்?"

"நீங்க எதையோ விட்டுட்டுச் சொல்றீக."

அவர் வாசலைப் பார்த்தார். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை.

அக்காவுக்குப் பல் எடுப்பாக இருக்குமாம். உதடு முழுசாக மூடாது. கட்டிக்கொண்டு போன வீட்டில் அவருக்குத் துருவி என்று பேர் வைத்திருந்தார்கள். தேங்காய் துருவி. பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட அப்படிக் கூப்பிட்டவர்கள்தான் அதிகம். சிரிக்கும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாராம். ஒரு பொங்கலுக்குப் போட்டோ பிடிக்கிறவர் ஊருக்கு வந்தபோது குடும்பமே உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வாரேன் என்று போனவர், போட்டோக்காரர் ஊரைவிட்டுப் போகும்வரை திரும்பவில்லை.

"அதான் போட்டோவே இல்ல" என்றார் சின்னம்மா. "செத்தும் அந்தப் பேரு அவளுக்கு வேணாம்னு நெனச்சேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்தேன். சொல்லவில்லை.

மேலுதட்டை முன்னால் கொண்டுவந்தேன். கீழுதட்டுக்கும் அதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, உள்ளே பல்லின் வெளிச்சத்தை மட்டும் பேனா படுகிறதோ இல்லையோ என்கிற அழுத்தத்தில் போட்டேன். உதடு முன்னால் வந்ததும் கன்னத்தின் மடிப்பு மாறியது. மடிப்பு மாறியதும் கண் சிரிக்க ஆரம்பித்தது. கண்ணை நான் தொடவே இல்லை. சரியா என்று கேட்கத் திரும்பினேன். சின்னம்மா தன் முந்தானையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு நேரம் எங்கடி போயிருந்த" என்றார் திரையைப் பார்த்து.

டீ வாளியோடு மாப்பிள்ளை வந்து எங்கள் பின்னால் நின்றார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, நாக்கு நுனியால் தன் முன்பல்லை ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"என் போட்டோவுல பல்ல உள்ள தள்ளச் சொன்னேன்ல" என்றார் என்னிடம். "பழையபடியே வச்சிருங்க."

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். சின்னம்மா முடிக்கவில்லை. வரைந்தாயிற்று, பார்த்தாயிற்று, இதைப் பேனரில் போடக் கூடாது என்றார். காகிதத்தில் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறோம். பேனருக்கு விளக்கே போதும். ஊர் சிரிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் பேனர் என்ன ஆகும்? ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும். இல்லையென்றால் களத்தில் விரித்து மிளகாய் காயப் போடுவார்கள். எங்கள் ஊர்களில் அப்போது ஒரு ஃபிளக்ஸ்கூட வீணாவதில்லை.

"எங்கக்கா மொகத்து மேல மொளகா காயணுமா?" என்றார்.

மாப்பிள்ளை அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கம்மா ஒளிஞ்சுக்கிட்டதுனாலதான் எனக்கு மொகம் தெரியாமப் போச்சு சின்னம்மா. இப்ப நீயும் அவுகள வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கணும்ன்ற. ஊரு சிரிச்சா என் பல்லப் பாத்தும் சிரிக்கட்டும். எனக்கு அவுக வெளிய நிக்கணும்."

சின்னம்மா திரும்பித் திரையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, காதில் தோடு போட மறந்துவிட்டீர்களே, சிவப்புக் கல் தோடு, சின்னதாக இருக்கும் என்றார். அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தோட்டைப் போட்டுக் காட்டினேன். கல் இம்புட்டுச் சிவப்பு இல்லை என்றார். அதைக் குறைத்தேன். ஆறு மணிக்கு அண்ணன் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அந்தச் சிலேட்டின்மேல் அவர் பிறகு டீ கிளாஸ் வைத்ததில்லை.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பேரையூருக்கு முந்தின ஊரில், ரோட்டோர மண்டபம். இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே பேனர் கட்டியிருந்தது. என் கைக்கோடு அவ்வளவு பெரிதாக வெயிலில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கன்னத்து நிழலில் ஒரு பிசிறு தெரிந்தது. அடுத்த முறை அப்படி விடக்கூடாது என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வயதில் மூத்த பெண்கள் சிலர் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேனரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அட, இது நம்ம துருவிதானப்பா" என்றார், சிரித்துக்கொண்டே.

நான் சின்னம்மா எங்கே என்று தேடினேன். ஆனால் உள்ளுக்குள் வேறொன்றும் நடந்தது. போட்டோவே இல்லாத ஒருத்தியை, இத்தனை வருஷம் கழித்து, பார்த்த நொடியில் ஒருவர் அடையாளம் கண்டுவிட்டார். அவர் கூப்பிட்ட பேர் எனக்குப் பிடிக்கவில்லை. முகம் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற சின்னம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தார்.

"ஆமா மாமா, அவதான். நல்லாப் பாத்துக்கங்க. இன்னைக்கு அவ ஒங்களப் பாத்துச் சிரிக்கிறா" என்று சந்தனத்தை நீட்டினார். அவர் அதைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். மேடையில் மாப்பிள்ளை வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று வெளியே வந்தேன். பந்தல்காரரும் பக்கத்து ஊர் ஆட்டுக்காரர் ஒருவரும் பேனருக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கொட்டகைக்கு இந்த அளவு சரியாக இருக்கும், அவிழ்த்துக்கொள்ளட்டுமா என்று ஆட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னம்மா பட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். கையில் காய் நறுக்கிய அரிவாள்.

"தம்பி, அந்த ஏணியப் பிடிங்க."

நான் ஏறுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். முகம் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது, எத்தனை வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"அதையும் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். "இது ஆட்டு மேல கெடக்கக் கூடாது."

வட்டத்தைச் சுற்றி அரிவாள் நுனியை இறக்கிக்கொண்டே வந்தார். கொண்டைப் பக்கம் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கம்மா என்றேன். தெரியும், நீங்க பிடிங்க என்றார். வெட்டின வட்டத்தை முகம் மடங்காமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். பேனரில் மாப்பிள்ளையும் பொண்ணும் மற்ற உறவும் இருந்தார்கள். மேலே ஓட்டை வழியாகப் புளியமரம் தெரிந்தது.

"இப்ப அவுத்துக்கிருங்க" என்றார் ஆட்டுக்காரரிடம்.